கண் திறந்து கொடுக்கப்படும்

டிசம்பர் 12, புதன்

காலையில் இறந்துபோனவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினோம். எல்லாரும் சட்டம் போட்டு, கண்ணாடி உடையாமல் கம்பளியில் சுற்றப்பட்டு, பின்சீட்டை மடக்கிய இடத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வளைவு திரும்பும்போதெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உரசிக்கொண்டார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். முன்சீட்டில் உயிரோடு உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்த என்னை ஒரே ஒரு தடவை பார்த்திருப்பார்.

குறை சொல்லி என்ன, தொழில் அப்படி. ஆத்தூரில் எங்கள் ஸ்டுடியோ பெயர்ப்பலகையில் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் என்று எழுதியதற்குக் கீழே கடைசி வரி: இறந்தவர் படங்களுக்குக் கண் திறந்து கொடுக்கப்படும். அந்தக் கடைசி வரிதான் எங்களுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது. மலையில் பல பேர் இருக்கிறவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்வதில்லை. மூச்சு நின்ற பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, விழாமல் துண்டால் கட்டி, மாலை போட்டு எடுக்கிற படம்தான் முதலும் கடைசியும். அதில் கண் மூடியிருக்கும். வருஷ காரியத்துக்கு மாட்டுகிற படத்தில் கண் மூடியிருந்தால் நன்றாகவா இருக்கும்? இவர் திறந்து கொடுப்பார். சட்டை இல்லாதவருக்குச் சட்டை, தோடு இல்லாதவளுக்குத் தோடு, எல்லாம் போட்டுத் தருவார். இந்தப் பக்கத்தில் தனபால் திறந்த கண் என்றால் தனி மதிப்பு.

வழக்கமாகக் கடையில் வேலை செய்யும் முரளி இவரோடு வருவான். அவன் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டான், அதனால் நான் வருகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் என் நாத்தனார் கமலவேணி. வரும் இருபதாம் தேதி எங்கள் பையனுக்கு வருஷம். காய்ச்சலில் கண்மூடித் திறப்பதற்குள் போனவனுக்கு இன்னும் வீட்டில் படம் மாட்டவில்லை. ஊருக்கெல்லாம் படம் போட்டுக் கொடுக்கிற வீட்டில் ஒரு வெறும் ஆணிகூட இல்லை. கேட்டால் "செய்யலாம்" என்பார். தேதி நெருங்கியதும் மலையில் அவசர வேலை என்று கிளம்பிவிட்டார். "நீயும் கூடவே போ அண்ணி. இல்லன்னா அண்ணன் இருபதாந்தேதிக்கு எறங்காது" என்றாள் கமலவேணி. அவரை இறக்கிக் கொண்டுவருவது என் பொறுப்பு.

முதல் வீடு ஈச்சங்காட்டில். தலைப்பாகை கட்டிய கிழவர். மகன் படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்பா நேராகப் பார்க்கிறார் என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வளைவில் வந்த மயக்கம்தான். மோர் கொடுத்தார்கள். மலையேறுகிற அன்று இனிமேல் இட்லி சாப்பிடக் கூடாது.

டிசம்பர் 13, வியாழன்

மரவள்ளி வியாபாரி ஒருவரின் கிடங்கை ஒட்டிய அறையில் தங்கியிருக்கிறோம். கிழங்கு மாவின் புளித்த வாடை தலையணை வரை இருக்கிறது. குளிருக்கு வெந்நீர் கேட்டால் சிரிக்கிறார்கள். காபித்தூள் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று மூன்று வீடுகள். சாலை பள்ளத்தாக்கில் இறங்குவதும் அடுத்த மேட்டில் ஏறுவதுமாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் தெரிகிற ஊருக்குப் போக அரை நாள் ஆகிறது. முதல் வீட்டில் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள். இரண்டாவது வீட்டில் மரத்திலிருந்து விழுந்த ஆள். மூன்றாவதில் வயசுப் பெண், பிரசவத்தில் போனவள். நான் கம்பளியைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தேன். மூன்று படங்களிலும் கண் பிரமாதமாகத் திறந்திருந்தது.

முன்னெல்லாம் கண் திறப்பதற்கு இவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். அண்ணன் தம்பி இருக்கிறார்களா, பிள்ளைகளில் யார் அப்பா சாடை என்று கேட்டு, அவர்களை நிறுத்திப் படம் எடுத்து, அந்தக் கண்ணை வாங்கி இந்த முகத்தில் வைப்பார். ரத்த சம்பந்தம் இருந்தால்தான் ஒட்டும் என்பார். கோபக்காரரா, சிரிச்ச முகமா என்று துருவித் துருவிக் கேட்பார். திரும்புகிற வழியில் அதையே கேட்டேன். இந்தப் பொண்ணுக்கு யார் கண்ணை வைத்தீர்கள், தங்கச்சியினுடையதா என்றேன். கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்றார். ரேடியோவின் காதைத் திருகினார். மலையில் ஒரு ஸ்டேஷனும் எடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

மூன்று பேருக்கும் வலது கண்ணின் வெள்ளையில், மூக்கோரமாக, கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அடுத்தவன் முகத்தில் இருக்கிற மருவையும் தழும்பையும் கேட்காமலே துடைத்துவிடுகிற மனுஷர் இவர். கல்யாணப் பெண் ஒருத்தி என் மச்சம் எங்கே என்று சண்டைக்கே வந்திருக்கிறாள். இந்தப் புள்ளியை மட்டும் துடைக்கவில்லை.

பிறவியிலேயே அந்தப் புள்ளி உள்ள ஒருவனை எனக்குத் தெரியும். இதற்கு மேல் இன்று எழுத இஷ்டமில்லை.

டிசம்பர் 14, வெள்ளி

மழை. சாலையில் மரம் விழுந்து வேன் நகரவில்லை. கிழங்கு, காரச் சட்னி. மறுபடியும் கிழங்கு. படங்கள் நனைந்துவிடாமல் அறைக்குள் கொண்டுவந்து சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் பார்க்காத நேரம் பார்த்து வைத்தார்.

டிசம்பர் 15, சனி

எழுதிவிடுகிறேன். அவை என் பையனின் கண்கள்.

நேற்று முழுக்க எனக்கு ஆத்திரம். என் பிள்ளையின் கண்ணை எடுத்து ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் வைத்திருக்கிறாரே, கிழவனுக்கும் கிழவிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைத்திருக்கிறாரே, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வாய்விட்டுத் திட்டத்தான் காலையில் எழுந்தேன். அவர் பல் துலக்கிக்கொண்டு, பனியில் ஒன்றும் தெரியாத பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு கூனிப் போயிருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காபி போட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் வெட்கக்கேடு. விழுந்த மரத்தை அறுத்து வழி விட்டதும் போன முதல் வீட்டில் படத்தைப் பிரித்தபோது எனக்கு மயக்கம் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ ஒரு மேஸ்திரி, பெரிய மீசை. மீசைக்கு மேலே என் பிள்ளை என்னைப் பார்த்தான். ஒரு வருஷமாக என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் படத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனபோது எனக்குப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

வண்டியில் ஏறியதும், இந்தப் பக்கம் போன மாசங்களில் கொடுத்த வீடுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். எதற்கு என்றார். ஆணி சரியாக அடித்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் வண்டியைத் திருப்பினார்.

ஒரு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், செருப்பைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பார்த்து "அப்பா, போயிட்டு வரோம்" என்று கத்திவிட்டு விளையாட ஓடினார்கள். நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அவர்கள் அம்மா நாற்காலி போட்டாள். பக்தியுள்ள பொம்பளை என்று நினைத்திருப்பாள்.

இன்னொரு வீட்டில் அடுப்புப் புகை ஏறிக் கண்ணாடி மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். படத்தில் இருந்தது அந்த வீட்டு மாமியார். மருமகள் என் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள்:

"உசிரோட இருந்தப்ப ஒரு நாளும் என்னை இப்படிப் பாத்ததில்லக்கா. எரிஞ்சு எரிஞ்சு விழும். படத்துல வந்தப்புறந்தான் பாசமாப் பாக்குது. நெதமும் ஒரு பேச்சு பேசிட்டுத்தான் காட்டுக்குப் போறேன்."

நான் சிரித்தேன். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எத்தனை வீட்டில் என் பையனிடம் யார் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே இவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

நாளை கடைசி ஊர். அதற்கப்புறம் இறங்க வேண்டும். எனக்கு இறங்க மனசில்லை. கமலவேணி யாரைக் காவலுக்கு அனுப்பினாளோ அவளே ஓடிப்போகப் பார்க்கிறாள்.

டிசம்பர் 16, ஞாயிறு

மணியார்வளவு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. வேன் போகாது. ஓடைக்கரையில் நிறுத்திவிட்டு, இவர் படத்தைத் தலையில் வைத்துக்கொண்டார், நான் டச்சப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வழியில் சட்டத்திலோ படத்திலோ கீறல் விழுந்தால் சரிசெய்ய அந்தப் பெட்டியில் மெல்லிய பிரஷ்களும் வண்ணமும் இருக்கும். எனக்கும் தெரியாத வேலை இல்லை. கல்யாணமான புதிதில், கறுப்பு வெள்ளைக் காலத்தில், பிரிண்டில் விழுகிற வெள்ளைப் பொட்டுகளை உட்கார்ந்து அடைத்தது நான்தான்.

வீட்டுக்காரி பெயர் சீரங்காயி. என் வயசுதான் இருக்கும், உடம்பு என்னைவிடக் கெட்டி. கணவர் வரதனுக்கு நாளைக்கு வருஷ காரியம். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் கையைத் தட்டிவிட்டு வந்து படத்தைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது எங்க வூட்டுக்காரரு இல்லீங்க" என்றாள்.

இவர் முகத்தைக் காட்டினார், காதைக் காட்டினார், நெற்றித் தழும்பைக் காட்டினார். மூஞ்சி அவருடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். பார்க்கிறது வேறு ஆள் என்றாள். வரதனுக்கு வலது கண் மாறுகண்ணாம். கட்டிக்கொண்டு வந்த புதிதில், தன்னைப் பார்க்கிறாரா கதவைப் பார்க்கிறாரா என்று தெரியாமல் பயந்து அழுதாளாம். அவர் சந்தையில் தன்னைத் தேடினால், பக்கத்தில் நிற்கிறவள் திரும்பிப் பார்ப்பாளாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாறுகண் என்று முரளியிடம் சொல்லித்தான் அனுப்பினோம் என்றாள். முரளி சொல்லியிருப்பான். இவர் காதில் ஏறியிருக்காது.

"எல்லாரும் கண்ணு நேரா இருந்தாத்தான் அழகும்பாங்க. அதான் அப்படி" என்று சமாளித்தார் இவர்.

"அழகுக்கு நான் என்னங்க பண்ண?" என்றாள். "நாளைக்குப் பேரு சொல்லிக் கூப்புடுவோம். எங்க வூட்டு வழக்கத்துல கண்ணுக்குச் சொந்தக்காரந்தாங்க வந்து உக்காருவான். எங்க ஆளு வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள யாரோ உக்காந்திருக்குதேன்னு திரும்பிப் போயிருவாரு." படத்தை மறுபடி ஒரு பார்வை பார்த்தாள். "சின்ன வயசுக் கண்ணு. யாரு பெத்த புள்ளையோ. அதுவும் பாவந்தானுங்களே. யாருக்கோ போட்ட சோத்த, யாரு பேரையோ சொல்லிக் கூப்புட்டு, வந்து திங்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?"

நான் இத்தனை நாள் அவன் அந்த வீடுகளில் இருக்கிறான் என்று மட்டும்தான் நினைத்தேன். கூப்பிட்டதும் வந்திருக்கிறான் என்று நினைக்கவில்லை. கிழவன் பேரைச் சொன்னாலும் வந்திருக்கிறான், மாமியார் பேரைச் சொன்னாலும் வந்திருக்கிறான். எங்கள் வீட்டில் யாரும் கூப்பிடவில்லை, பசிக்கு எங்கே போவான்?

ஒரு வாரத்தில் வேறு படம் தருகிறேன் என்றார் இவர். காரியம் நாளைக்கு என்றாள் அவள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். பணத்தை மாட்டி வைத்துக் கும்பிட முடியாது என்றாள். பெட்டியில் பிரஷ் இருக்கிறதே, கண்ணை மாற்றி எழுதிக் கொடுங்கள் என்று நேராகவே கேட்டாள்.

இவர் பின்பக்க ஆணிகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தார். வெள்ளை குழைத்தார். பிரஷை நனைத்துப் படத்துக்குக் கொண்டுபோனார். நுனி படத்தைத் தொடவில்லை. திரும்ப நனைத்தார், திரும்பக் கொண்டுபோனார். எத்தனை ஆயிரம் கண் எழுதிய கை. குழைத்த வண்ணம் காய்ந்தது. சீரங்காயி வைத்த கருப்பட்டிக் காபி ஆறிப்போயிற்று. கடைசியில் பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

"தள்ளுங்க" என்றேன்.

முதலில் வெள்ளை. கருவிழியில் பாதியும், மூக்கோரத்துப் புள்ளியும் வெள்ளைக்குள் போயின. அவன் பிறந்த புதிதில் கண்ணில் கரி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, அவன் வீறிட்டு அழ அழத் துணியால் ஒற்றி எடுக்கப் பார்த்திருக்கிறேன். அன்று வரவில்லை. இன்று ஒரே இழுப்பில் போய்விட்டது. பிறகு கறுப்பு. சீரங்காயி தலைக்கு மேலே நின்று, இன்னும் கொஞ்சம் மூக்குப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லச் சொல்ல நகர்த்தினேன். இடது கண்ணை அப்படியே விட்டுவிட ஆசைதான். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வரதன் வாசலில் வந்து நிற்பாரே. இமையைக் கனமாக்கினேன், ஓரத்தில் சுருக்கம் போட்டேன், வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தேன். என் பிள்ளை அறுபது வயசாகி, கொஞ்சம் கொஞ்சமாக யாரோவாக ஆனான்.

நிமிர்ந்தபோது சீரங்காயி தரையில் உட்கார்ந்திருந்தாள். "அங்க பாருங்க, கதவப் பாக்குறாரு" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பிரஷைக் கழுவுகிற சாக்கில் ஓடைக்குப் போய், தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன். இவர் வரவில்லை. வராததும் நல்லதுதான்.

டிசம்பர் 17, திங்கள்

சீரங்காயி விடவில்லை. காரியம் முடித்து, சாமைச் சோறும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றுவிட்டாள். பங்காளிகளில் மூத்தவர் படத்துக்கு முன்னால் நின்று, "வரதா, வாடா, வந்து உக்காரு" என்று சாதாரணமாக, வயலிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். எனக்கு மட்டும் தோன்றியிருக்கலாம். அந்த நேரத்தில் அங்கே யாரோ எழுந்து இடம் விட்டார்கள். பஸ்ஸில் வயசானவர்கள் ஏறினால் என் பையன் அப்படித்தான், கேட்கும் முன்பே எழுந்துவிடுவான்.

மதியம் இறங்க ஆரம்பித்தோம். பாதி மலையில் பஸ் ஒன்றுக்கு வழி விட்டு ஓரமாக நிறுத்தினார். பஸ் போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நீ வாசல்ல உக்காந்தியே, அப்பவே."

"எத்தனை வீடு?"

"எண்ணல, தவம்" என்று என் பெயரைச் சொன்னார்.

ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தே பேசினார். "ஊருல செத்தவங்களுக்கெல்லாம் கண்ணத் தொறந்து விட்டேன். அவனுக்கு மட்டும் இந்தக் கையால மூடி விட்டேன். நர்ஸு மூடுறேன்னாங்க, நான் விடல, நானே மூடுனேன். அப்புறம் எந்தப் படத்துல உக்காந்தாலும் வேற கண்ணு எனக்குத் தொறக்கல. எங்கயாச்சும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சுண்டுவிரல் நகத்தில் நேற்றைய வெள்ளை காய்ந்திருந்தது.

"நம்ம வூட்டுலயும் ஒரு எடத்துல தொறந்து விடுங்க" என்றேன். "அவன் வர வேண்டாமா?"

வண்டியை எடுத்தார்.

டிசம்பர் 18, செவ்வாய்

துணி துவைத்தேன். எல்லாவற்றிலும் கிழங்கு வாடை. இவர் காலையிலிருந்து கடையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டிசம்பர் 19, புதன்

படம் வந்துவிட்டது. இவரே சட்டம் போட்டு, இவரே ஆணி அடித்தார். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். ஒட்டு வேலை ஒன்றும் இல்லை. அவன் முகம், அவன் சட்டை, அவன் கண், அந்தப் புள்ளி. கமலவேணி வந்து பார்த்து, உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கிறது அண்ணா என்று அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் அழவில்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படத்தைப் பார்த்தால் கண் அவன் முகத்தில் ஒட்டவில்லை. அது தலைப்பாகைக் கிழவரின் கண்ணாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன், அந்த மாமியார் பார்த்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன், மீசைக்கார மேஸ்திரி. பிள்ளை பெற்றுச் செத்த அந்தப் பெண். ஒரு வாரம் முழுக்க யார் யார் முகத்திலோ என் பிள்ளையைத் தேடித் தேடிப் பார்த்தேன். இப்போது என் பிள்ளையின் முகத்திலிருந்து அவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

இவரிடம் சொல்லவில்லை. இவரும் படத்தை மாட்டியதிலிருந்து ஒரே இடத்தில் நின்று பார்க்க மாட்டேன் என்கிறார். இடம் மாற்றி மாற்றி நின்று பார்க்கிறார்.

டிசம்பர் 20, வியாழன்

விடிந்ததிலிருந்து அடுப்படியில்தான் இருந்தேன். அவனுக்குப் பிடித்த முருங்கைக்காய்ச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பால் பாயசம், மெதுவடை. ஐயர் வந்து மந்திரம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு படையல். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை ஒன்று போட்டு, சோற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். படம் என்னைப் பார்த்தது.

கூப்பிட வேண்டும். ஐயர் சொன்ன சமஸ்கிருதத்துக்கு அவன் வருவானா? அந்தப் பங்காளிக்காரர் கூப்பிட்ட மாதிரி கூப்பிட வேண்டும் என்று நினைத்து, "நவநீதா, வாப்பா, வந்து சாப்புடு" என்றேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான். பின்னால் இவர் மூச்சை இழுப்பது கேட்டது.

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அவன் வருவான். ஆனால் தனியாக வரமாட்டான். அத்தனை வீட்டிலும் உப்பைத் தின்றுவிட்டு, அந்த வீடுகளில் இறந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காருகிற பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை. கூட்டிக்கொண்டுதான் வருவான்.

சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். உள்ளே போய், சாயங்காலம் உறவுக்காரர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த இலைக்கட்டு முழுவதையும் எடுத்துவந்து பிரித்தேன். படத்தின் முன்னால் ஆரம்பித்து, சுவரோரமாக, கூடம் முழுக்க இலை போட்டுக்கொண்டே போனேன்.

"எதுக்கு அண்ணி இத்தனை எலை? இப்ப யாரு வர்றாங்க?" என்றாள் கமலவேணி.

"மலையிலேருந்து ஆளுங்க வர்றாங்க" என்றேன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். இவர் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, குனிந்து, ஒவ்வொரு இலையாகத் தெளித்துக்கொண்டே போனார்.